அம்மாவுக்கும் ஒரு தனிக் கதை இருக்கிறது

கேள்வி: எனக்கு 44 வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு 73. நாலு மாதம் முன்பு ஒரு நாள் அப்பா என்னை உட்காரவைத்து, தான் சிறு வயதிலிருந்தே ஆண்கள்மேல் ஈர்ப்பு உள்ளவர் என்று சொன்னார். அம்மா இருந்தவரை வேறு யாரோடும் பழகியதில்லை என்றும், இனிமேல் மறைத்து வாழ முடியாது என்றும் சொன்னார். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது அவருக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவரை எனக்கு அறிமுகம் செய்துவைக்க ஆசைப்படுகிறார். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார், தம்பிக்குத் தெரியாது. போன வாரம் வெளிர்நீலத்தில் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "எனக்கு நல்லாயிருக்காம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். என் தோழி 'பிகினர்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன், அழுதேன், ஆனால் கோபம் தீரவில்லை. அதில் எல்லாரும் அந்த அப்பாவைக் கொண்டாடுகிறார்கள். அந்த அம்மாவை யார் நினைத்துப் பார்த்தார்கள்? நாற்பது வருடத்துக்கு மேல் என் அம்மா வாழ்ந்தது பொய் வாழ்க்கையா? வயதானதால் அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ, டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட யோசிக்கிறேன். இந்த ஓரினச்சேர்க்கை விஷயத்தைத் தம்பியிடமும் என் 15 வயது மகனிடமும் எப்படிச் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த வெளிர்நீலச் சட்டை மனதைவிட்டுப் போகவே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் படத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், நானும் அங்கேயே தொடங்குகிறேன். 'அந்த அம்மாவை யார் நினைத்துப் பார்த்தார்கள்' என்ற உங்கள் கேள்விக்கு அந்தப் படத்தின் இயக்குநரிடமே ஒரு பதில் இருக்கிறது.

படம் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைக் மில்ஸ் எழுதி இயக்கி 2010-இல் வந்த படம் இது. அவர் வீட்டில் நடந்ததுதான் கதைக்கு மூலம். 44 வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவி இறந்த சில மாதங்களில், 75 வயதில், அவருடைய அப்பா தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று மகனிடம் சொன்னார். அதற்குப் பிறகு சுமார் ஐந்து ஆண்டுகள்தான் உயிரோடு இருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளைத்தான் மகன் படமாக்கினார். படத்தில் அப்பா ஹால், மகன் ஆலிவர். அப்பாவாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு இதற்காக ஆஸ்கர் கிடைத்தபோது அவருக்கு வயது 82. நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கியவர்களில் அன்றைக்கு அவர்தான் மூத்தவர்.

எல்லாரும் அந்த அப்பாவைக் கொண்டாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பவர்கள் அவரிடம் மயங்கிவிடுவது உண்மைதான். ஒரு நாள் ராத்திரி ஏதோ ஒரு கிளப்புக்குப் போய்விட்டு வந்து மகனுக்கு போன் செய்கிறாரே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே சத்தமாக ஒரு இசை போட்டார்கள், அதற்கு என்ன பெயர் என்று கேட்கிறார். ஹவுஸ் மியூசிக்காக இருக்கும் என்கிறான் மகன். அப்பா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார். எழுபத்தைந்து வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி. அந்த இடத்தில் யாருக்கும் அவர்மேல் கோபம் நிற்காது.

ஆனால் அடுத்த முறை பார்த்தால் அம்மா வருகிற காட்சிகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஜார்ஜியா என்பது அவர் பெயர். சிறுவன் ஆலிவரும் அவரும் வீட்டில் தனியாக இருப்பார்கள். விரலையே துப்பாக்கியாக நீட்டி அம்மா சுடுவார், பையன் செத்து விழ வேண்டும். இதுதான் அவர்களுடைய விளையாட்டு. சிரிக்கிற மாதிரி இருக்கும். சிரித்து முடித்ததும், இந்த வீட்டில் ஒரு பெரிய வெறுமையை இவர் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். அந்தக் காட்சிகளில் அப்பா பெரும்பாலும் இருக்கவே மாட்டார். அந்த அம்மாவின் தனிமையை மகன் மறைக்கவில்லை. பெரியவனான பிறகும் அதை அவன் சுமந்துகொண்டுதான் இருக்கிறான். எந்தப் பெண்ணோடும் நிலைக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் தானே விலகி விலகிப் போகிறானே, அதில் அம்மாவின் பங்கும் இருக்கிறது.

அதோடு அவர் விடவில்லை. 2016-இல் மைக் மில்ஸ் இன்னொரு படம் எடுத்தார், '20-த் செஞ்சுரி விமன்'. அது முழுக்க முழுக்க அவருடைய அம்மாவை மனதில் வைத்து எழுதியது. ஆனெட் பெனிங் நடித்தார். அந்தக் கதையில் தன்பால் ஈர்ப்புள்ள கணவர் கிடையாது. பிடிவாதமான, கெட்டிக்காரியான, யாருக்கும் முழுதாகப் பிடிபடாத ஒரு பெண் தன் மகனை எப்படி வளர்ப்பது என்று தவிக்கிறாள், அவ்வளவுதான். அப்பாவின் கதைக்குள் அம்மாவை ஒரு ஓரத்தில் உட்கார வைத்தால் அவருக்கு நியாயம் கிடைக்காது என்று மகனுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அப்பா சொன்ன அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவை நினைத்தாலே இப்போது 'ஏமாற்றப்பட்டவர்' என்ற ஒரு வார்த்தைதான் வருகிறது போலிருக்கிறது. உங்கள் கடிதம் நீளமானது. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நாலு பக்கத்திலும் அம்மா என்ன செய்வார், எதற்குச் சிரிப்பார், யாரோடு சண்டை போடுவார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்கு யார் துரோகம் செய்தார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் அவருக்காகத்தான் கோபப்படுகிறீர்கள். ஆனால் அந்தக் கோபத்தில் அவரே காணாமல் போய்விட்டார்.

உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? படத்தில் ஜார்ஜியாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டதே அவர்தான். ஹால் தயங்கியபோது, அதை நான் சரிசெய்துவிடுகிறேன் என்கிறார். ஹாலும் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்று தலையாட்டிவிடுகிறார். உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குச் சொல்ல வழியில்லை. ஒருவேளை தெரிந்திருக்கலாம், தெரிந்தும் வாழ்ந்திருக்கலாம். ஒருவேளை தெரியாமலேயே, ஏதோ ஒன்று குறைகிறது, ஒருவேளை தப்பு என்னிடம்தானோ என்று மருகியிருக்கலாம். இரண்டாவதுதான் நடந்தது என்றால் அது பெரிய வேதனை. அதைச் சின்னதாக்கிப் பேச நான் தயாராக இல்லை. ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று கிடைக்கவில்லை. அதற்காக நீங்கள் அழலாம்.

ஆனால் 'பொய் வாழ்க்கை' என்று சொல்லாதீர்கள். அவர் உங்களைப் பெற்று வளர்த்தது பொய்யா? காய்ச்சலில் கிடந்தபோது உங்கள் அப்பாவும் அவரும் மாறி மாறி விழித்திருந்திருப்பார்களே, அது பொய்யா? ஒரு கல்யாணத்துக்குள் ஆசை ஒன்றுதானா இருக்கிறது? தோழமை இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, இரண்டு பேருக்கு மட்டுமே புரிகிற கேலி இருக்கிறது, நீண்ட மௌனங்களும் இருக்கின்றன. அதில் எது எவ்வளவு இருந்தது என்பதை இனி உங்கள் அப்பா ஒருவரால்தான் சொல்ல முடியும். அவரையும் கோபித்துக்கொண்டு ஒதுக்கிவிட்டால், அம்மாவைப் பற்றித் தெரிந்த கடைசி ஆளையும் இழந்துவிடுவீர்கள்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்று. என் அம்மா இறந்து சில மாதம் கழித்து, அவருடைய பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கிடைத்தது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். அதன் கீழே, 'எழுத வேண்டும், எழுத வேண்டும்' என்று இரண்டு தடவை அவர் கையெழுத்தில். யார் அது, எழுதினாரா இல்லையா? கேட்பதற்கு அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார். அந்த நோட்டை இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பேன். உங்களுக்கு அந்த நிலைமை இன்னும் வரவில்லை. கேட்க ஆள் இருக்கிறார், பக்கத்து அறையில்.

அப்புறம், அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். 'பிகினர்ஸ்' படத்தில் ரொம்பச் சின்னதாக ஒன்று வரும். அப்பா தன்னிடம் உண்மையைச் சொன்ன அன்று அவர் ஊதா ஸ்வெட்டர் போட்டிருந்ததாக ஆலிவருக்கு ஞாபகம். உண்மையில் அன்று அவர் வீட்டில் போடும் அங்கியில் இருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார்கள். பெரிய செய்தி ஒன்று காதில் விழும்போது நம் மனம் படம் பிடிப்பதில்லை, வரைகிறது. நாலு மாதமாக நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சிரிப்பை உங்கள் கோபமும் கொஞ்சம் வரைந்திருக்கலாம். அப்படியே அவர் சிரித்திருந்தாலும், ஐம்பது வருடத்துக்கு மேல் அடக்கிவைத்த ஒன்றைப் பெற்ற மகளிடம் சொல்லும்போது ஒரு மனிதரின் முகம் என்ன செய்யும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பயத்தில் சிரிக்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஒரு நாள் அவரிடமே கேளுங்கள். உங்கள் முகம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேளுங்கள்.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காக வேண்டாம். மறதி, வழி தடுமாறுவது, பணக் கணக்கில் குழப்பம், சுபாவமே மாறிப்போவது என்று வேறு அறிகுறிகள் இருந்தால் அவற்றுக்காகக் காட்டுங்கள், அது எந்த 73 வயதுக்காரருக்கும் செய்ய வேண்டியதுதான். சிறு வயதிலிருந்தே இப்படி என்று நிதானமாகச் சொல்கிறவருக்குப் புத்தி தடுமாறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952-இல் வெளியிட்ட முதல் நோய்ப் பட்டியலில் தன்பால் ஈர்ப்பை மனநோய் என்று சேர்த்தது. ஏறக்குறைய உங்கள் அப்பா பிறந்த சமயம். 1973-இல் அதே சங்கம் அதை நோய் இல்லை என்று நீக்கியது. அப்போது அவருக்கு இருபது வயது இருந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல்தான். அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். தனக்கு நோய் இல்லை என்று உலகம் ஒத்துக்கொள்வதற்குள் ஒரு குடும்பஸ்தராகிவிட்டவர் அவர். படத்தில் அந்த அப்பாவுக்கும் இதே கதைதான். இது மனநோய், குணமாக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை நம்பி 1955-இல் கல்யாணம் செய்துகொண்டவர். இதையெல்லாம் அவரை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அவருக்கு முன்னால் அன்றைக்கு எத்தனை கதவு திறந்திருந்தது என்று நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் ஒரு மனிதரின் மனதை விட்டுவிட்டு உடலுறவை மட்டும் சொல்கிறது. உங்கள் அப்பா உங்களிடம் சொன்னது அதைப் பற்றி அல்லவே. 'தன்பால் ஈர்ப்பு' என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள், அப்பாவின் முகத்தோடு அந்தச் சொல் ஒட்டிவரும்.

தம்பிக்கு நீங்கள் சொல்லக் கூடாது. அது அப்பா சொல்ல வேண்டிய விஷயம், அவருக்குத் தோன்றுகிறபோது, அவருக்குத் தோன்றுகிறபடி. உங்களை நம்பி முதலில் உங்களிடம் சொன்னார், அந்த நம்பிக்கை உங்கள் கையில் இருக்கிறது. தனியாகச் சுமக்க முடியவில்லை என்றால், "தம்பியிடம் எப்போது சொல்வீங்க, நானும் கூட இருக்கட்டுமா?" என்று அப்பாவையே கேளுங்கள். மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். தாத்தா ஒத்துக்கொண்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதை நம்மைவிட எளிதாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் எந்தக் குரலில் சொல்கிறீர்கள் என்பதைத்தான் கவனிப்பார்கள்.

அந்த நண்பர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. படத்தில் ஹாலுக்கு ஆண்டி என்று ஒரு காதலன், வயதில் ரொம்பச் சின்னவன். ஹால் இறந்த பிறகு ஆலிவர் அவனை அண்டவிடாமல் தள்ளியே வைத்திருப்பான். நான் இப்படிப்பட்டவன் என்பதால்தான் ஒதுக்குகிறாயா என்று ஆண்டி கேட்கும்போது ஆலிவர் சொல்கிற பதிலில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காரணம் அது இல்லையாம். அப்பா இவனை அவ்வளவு நேசித்தார், அதனால்தானாம்.

உங்கள் கோபத்தின் அடியில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நண்பர் வந்துபோகும் நாட்களில் அப்பா பாட்டை முணுமுணுக்கிறார் என்றும், அம்மாவோடு இருந்தபோது அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது அம்மாவுக்காக மட்டும் வலிக்கவில்லை. நாற்பத்து நாலு வருடம் பக்கத்திலேயே இருந்த மகளுக்கும் அந்தப் பாட்டு கிடைக்கவில்லை. இன்னொருவர் வந்து நாலு மாதத்தில் அதை வெளியே எடுத்துவிட்டார். இதைப் பொறாமை என்று சொல்ல நாம் கூச்சப்படுவோம். கூச்சப்பட வேண்டியதில்லை. அப்பாவிடம் ஆசை இருக்கிற பிள்ளைக்குத்தான் இது வரும்.

அதனால் இப்போதே அவரைச் சந்தித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். "எனக்குக் கொஞ்சம் நாள் வேணும் அப்பா, வேண்டாம்னு சொல்லலை" என்று சொல்லுங்கள். அது உண்மை, அவருக்கும் புரியும். கோபத்தையும் மறைக்காதீர்கள். "அம்மாவை நினைச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் வருத்தப்படுவார். வருத்தப்படட்டும். அவருக்கும் அம்மாவை நினைத்து ஆறாத ஒன்று இருக்கும், அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருப்பார். நீங்கள் தொடங்கினால்தான் அது வெளியே வரும். முதல் தடவை ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாமல் எழுந்துவிடுவீர்கள். பரவாயில்லை, அடுத்த வாரம் இன்னொரு ஐந்து நிமிடம். உங்களுக்குத் தூக்கமே வராமல் இருந்தால், துக்கத்துக்கு ஆலோசனை சொல்கிற மனநல ஆலோசகர் ஒருவரை நீங்கள் பார்ப்பது நல்லது. அப்பாவை அழைத்துப் போகாதீர்கள், நீங்கள் போங்கள். அம்மா போன துக்கத்தையே இன்னும் முழுதாக அழுது முடிக்கவில்லை, அதற்குள் இதுவும் வந்து சேர்ந்துகொண்டது.

ஒரு வேலையும் தருகிறேன். ஒரு நோட்டை எடுத்து, அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அப்பா அதில் வரவே கூடாது. அவர் எப்படிக் கோபப்படுவார், எதை ஒளித்துவைப்பார், எந்தப் பொய்யை நன்றாகச் சொல்வார், கண்ணாடியை எங்கே வைத்துவிட்டுத் தேடுவார். பத்துப் பக்கம் வந்ததும் அதை அப்பாவிடம் படிக்கக் கொடுங்கள். 'இங்கே தப்பாக எழுதியிருக்கே, அவள் அப்படி இல்லை' என்று அவர் திருத்துவார். அந்தத் திருத்தங்களில்தான் அந்தக் கல்யாணம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியவரும்.

'பிகினர்ஸ்' என்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள். பன்மையில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதில் தொடங்கியதைப் பார்த்துத்தான் முப்பத்தெட்டு வயது மகன், விலகிப் போன பெண்ணைத் தேடிப் போகிறான்.

இப்போது அந்தச் சட்டை. எழுபத்து மூன்று வயதில் ஒருவர் தனக்கு எது நன்றாக இருக்கும் என்று யோசித்து ஒரு நிறத்தை எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, பார்க்கச் சொல்லிக் கேட்டது உங்களை. அந்த நண்பரிடம் கேட்டாரோ என்னவோ, உங்களிடம் கேட்டார். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அவரும் மறுபடி கேட்டிருக்க மாட்டார். இன்று சாயங்காலம் அவர் அதைப் போட்டிருந்தாலும் சரி, மடித்து உள்ளே வைத்துவிட்டிருந்தாலும் சரி, அதை எடுத்துவரச் சொல்லுங்கள். காலர் சரியாக உட்காரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி